ஒரே நாடா

காஞ்சிபுரம்,
10.5.2025

என் அன்புக் காவேரிக்கு,

அக்கா கமலாட்சி எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் என் பேச்சு உனக்குப் புரியாது. கன்னத்தில் புற்றை எடுத்த இடம் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. நான் மோர் கேட்டால் என் வீட்டுக்காரர் காபியோடு வந்து நிற்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம், ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வரும் உன் புருஷன் கையில்.

அம்மாவுக்கு முடியவில்லை என்று தென்னேரிக்குப் போனாய். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே போனாய். ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்வார்கள் என்று ஊரே சொல்லும்போது, பதினோரு வருஷம் ஒரே தறியில் நான் புடவையின் உடலையும் நீ கரையையும் நெய்தோம். இப்போது தறி பாதிப் புடவையோடு நிற்கிறது. நேற்று ஆசையில் குறுக்கு நூல் ஓட்ட நாடாவை எடுத்தேன். நூலை உறிஞ்ச வாய் குவியவில்லை, வைத்துவிட்டேன்.

என் மேல் என்ன கோபம்? நீ இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை.

உன் அக்கா,
கமலாட்சி


தென்னேரி,
11.5.2025

அக்காவுக்கு,

கவரைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறேன். இவர் படிக்கக் கூடாது.

கோபம் இல்லை, பயம். போனில் ஒன்று வந்தது. வாய்ப் புற்று எச்சிலில் ஒட்டிக்கொள்ளுமாம். நூல் தீர்ந்து தார் மாற்றும்போதெல்லாம் புது நூலை நாடாத் துளை வழியே வாயால்தானே உறிஞ்சி இழுத்தோம்? நீங்கள் உறிஞ்சிய அதே நாடாவைத்தான் நானும் உறிஞ்சினேன்.

என் இடது கன்னத்துக்குள் ஒரு மாதமாக வெள்ளைத் திட்டு. தேய்த்தாலும் போகவில்லை. வந்துவிட்டது அக்கா. உங்கள் மேல் பழி சொல்லவில்லை, உங்களுக்கே தெரியாமல் வந்ததுதானே. வாலாஜாபாத்தில் ஒருவர் சூரணம் தருகிறார், சாப்பிடுகிறேன். எனக்குத் தனித் தட்டு வைத்துக்கொண்டேன். ஜீவிதா, "ஏம்மா இப்பல்லாம் முத்தாவே குடுக்க மாட்டேன்ற?" என்று கேட்கிறாள். ஏழு வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்வது?

யாரிடமும் சொல்லாதீர்கள்.

காவேரி


காஞ்சிபுரம்,
17.5.2025

காவேரி கண்ணு,

மன்னித்துக்கொள், ஒருவரிடம் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் விவரம் சொல்வதற்கென்றே பிரவீனா என்று ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். உன் பெயரை மடித்து மறைத்துவிட்டுக் கடிதத்தை நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"இது ஒட்டுற வியாதியே இல்லம்மா. நாடாவால வராது, தட்டால வராது, முத்தா குடுத்தா வராது. முதல்ல அந்தக் கொழந்தைக்கு முத்தா குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

வெள்ளைத் திட்டெல்லாம் புற்றில்லையாம். ஆனால் பார்த்த பார்வையில் யாராலும் சொல்ல முடியாது, துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். சூரணத்தை நம்பி நாளைக் கடத்தினால் அதுதான் ஆபத்து. நானும் கடத்தியவள்தானே. கல்யாணப் புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஆறு மாதம் புண்ணோடு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பிரவீனா ஒன்று கேட்டார். "அந்தம்மா பொகையில போடுவாங்களா?"

ஆமாம் என்றேன். நீ கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதம், தறியில் தூங்கித் தூங்கி விழுந்தாய். "வாயில அடக்கிக்கோ, தூக்கம் வராது" என்று என் சுருக்குப் பையிலிருந்து முதல் துண்டைக் கொடுத்தவள் நான். பாக்கும் புகையிலையும் அன்றிலிருந்து நமக்கு ஒரே பைதான். நாடா உன்னை ஒன்றும் செய்யவில்லை காவேரி. செய்திருந்தால் அந்தப் பைதான் செய்திருக்கும்.

நாடா என்றே நீ நம்பிக்கொண்டிருந்தால் எனக்கு வசதி. ஆனால் நீ சூரணத்தோடு உட்கார்ந்திருப்பாய். அதனால் சொல்லிவிட்டேன். இனி என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி, செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வா. பிரவீனா இருப்பார். உன் புருஷன் சிவராஜிடம் சொல்லிவிடு.

கமலாட்சி


காஞ்சிபுரம்,
24.5.2025

காவேரிக்கு,

சிவராஜ் போன ஞாயிறு வெறுங்கையோடு வந்தார். செவ்வாய்க்கிழமையும் நீ வரவில்லை.

திட்டி எழுது. நான்கு பக்கம் திட்டு, படிக்கிறேன். எனக்கு எழுதப் பிடிக்காவிட்டால் எழுத வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போய்விடு தாயே.

கமலாட்சி


தென்னேரி,
6.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம்தான். உங்கள் கடிதத்தைக் கிழிக்க இரண்டு தடவை எடுத்தேன். பதினோரு வருஷம் அக்கா என்று கூப்பிட்ட வாயில் நீங்களா அதை வைத்தீர்கள் என்று இருந்தது. அப்புறம் யோசித்தேன். முதல் துண்டுதான் நீங்கள் கொடுத்தது. மிச்சத்தை நானே கேட்டுக் கேட்டு வாங்கிப் போட்டேன். அது என்னுடையது, அதையும் நீங்கள் சுமக்காதீர்கள்.

இவரிடம் சொன்னேன். அழுதார், பிறகு வண்டியை எடுத்தார். நீங்கள் சொன்னதற்கு அடுத்த செவ்வாய் போனோம். சதை எடுத்தார்கள். முடிவு தெரியாமல் உங்களுக்கு எழுதக் கை வரவில்லை, வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்று இவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது நம் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டுப் போனேன்.

இன்று காலை முடிவு சொன்னார்கள். புற்று இல்லை அக்கா. ஆனால் அந்த இடம் மாறத் தொடங்கியிருக்கிறதாம். புகையிலையும் பாக்கும் இனி வாயில் படக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும்.

பிரவீனா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "நீங்கதானா அது? போன மாசம் ஒரு செவ்வாக்கெழம காலைலேர்ந்து மூணு மணி வரைக்கும் ஒரு அம்மா சாப்பிடாம வாசலப் பாத்துக்கினே உக்காந்திருந்தாங்க" என்றார். நீங்கள் அதை எழுதவே இல்லையே அக்கா.

தனித் தட்டை எடுத்துவிட்டேன். ஜீவிதாவுக்குப் பாக்கி முத்தமெல்லாம் கொடுத்தாயிற்று, "போதும்மா, வுடு" என்று ஓடுகிறாள். பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறோம்.

அந்தச் சுருக்குப் பையை அடுப்பில் போடுங்கள். நாடாவை மாற்றாதீர்கள், அதுவே இருக்கட்டும். உங்களுக்கு வாய் குவியாவிட்டால் என்ன? இனி உங்கள் நூலையும் நானே உறிஞ்சித் தருகிறேன்.

உங்கள்
காவேரி