சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு பூ

மார்ச் 3
எழுதக் கூசுகிறது. ஆனால் நான் எழுதாவிட்டால் மைத்துனர் ஊருக்கே சொல்லிவிடுவார். நேற்று மங்கல் வெளிச்சத்தில், கீரையோடு தட்டுக்கு வந்த, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரின் துண்டு ஒன்றை நன்றாக மென்றுவிட்டு, "கீரை இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்" என்றேன். மனைவி சிரிக்கவில்லை. விரலைத் தூக்கிக் காட்டினாள். போன வாரம் கத்தி பட்ட இடத்தில் நாலு தையல்.

"நூத்தம்பது வருஷ வீடுன்னு நீங்க பெருமை பேசிக்கிட்டே இருங்க. இந்த ஒத்த பல்புல இனிமே என்னால நறுக்க முடியாது. இருபதாம் தேதிக்குள்ள வெளிச்சம் வரலைன்னா, நான் பாத்து வெச்சிருக்கிற மாடி வீட்டுக்குப் போயிடலாம். அங்க சமையலறைக்கு ரெண்டு ஜன்னல்."

கொள்ளுத்தாத்தா கட்டிய வீட்டை இரண்டு ஜன்னல் ஜெயிப்பதா? விடமாட்டேன்.

மார்ச் 6
பழங்கட்டடப் பட்டியலில் உள்ள வீடு. ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். அதிகாரி வந்தார். அண்ணாந்து பார்ப்பதற்கென்றே செய்தது போல நீளக் கழுத்து. சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே கூரையைப் பார்த்து, மங்கலில் கண்ணைச் சுருக்கி, "அந்தச் சுதைப் பூ எப்போ செஞ்சது?" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லுகிற வாயா இது? "கொள்ளுத்தாத்தா கப்பல்ல ஆள் வரவழைச்சார் சார். இதழுக்கு ஒரு வாரம்!" கப்பலும் வாரமும் அந்த நிமிடம் பிறந்தவை. சமையலறை வாசலில் நின்று மனைவி என்னையே பார்த்தாள்.

அவர் எழுதிக்கொண்டார்: கூரையில் ஒரு துளைகூடப் போடக் கூடாது.

மார்ச் 7
விளக்கு தொங்கவிட நினைத்ததே அந்தப் பூவின் நடுவில்தான். என் வாய்! என் வாயேதான்!

மார்ச் 11
எலக்ட்ரீஷியன் கேட்டார்: "கூரையத் தொடக் கூடாதுன்னா ஆகாசத்துலயா சார் மாட்டறது?"

விடுவேனா? அரை நாள் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தோம். அந்தக் காலத்தில் ராந்தல் மாட்டிய இரும்புக் கை மேசைப் பக்கம் நீட்டிக்கொண்டு சும்மா நின்றது. அதில் ஒரு விளக்கு. சமையலறை அலமாரிக்கு அடியில் நீள விளக்கு, வயர் அலமாரியின் முதுகோடு. எங்கும் புதுத் துளை இல்லை. அதிகாரி போனிலேயே சரி என்றார்.

மார்ச் 15
பளீர் வெள்ளை பல்பு, என் தேர்வு. மைத்துனர் மேசையில் உட்கார்ந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாமா, எனக்கு எத்தனை மணிக்கு ஆபரேஷன்?"

மார்ச் 16
மஞ்சள் பல்பு. மைத்துனருக்கு உயிர் வந்தது.

மார்ச் 19
மனைவி வெங்காயம் நறுக்கினாள், தாளைப் போல. "மாடி வீடு வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றாள், வெங்காயத்திடம்.

ஜெயித்தேன்!

மார்ச் 24
அதிகாரியின் கடிதம். அவர்கள் வெளியிடும் கையேட்டுக்கு எங்கள் பூதான் அட்டைப்படமாம். மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் புது விளக்கின் முகத்தை மேலே திருப்பினாள். இத்தனை வருடத்தில் இன்றுதான் அந்தப் பூவைச் சரியாகப் பார்க்கிறேன். ஓர் இதழின் ஓரம் பிய்ந்திருந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் குட்டி உருண்டைகள்.

"தெர்மாகோல்" என்றாள். "நீங்க வெளியூர் வேலைக்குப் போயிருந்த வருஷம் கூரை ஒழுகிச்சு. கறைய மறைக்க நான்தான் ஒட்டினேன்."

"அன்னிக்கே சொல்லக் கூடாதா?"

"கப்பல் எங்க போய்ச் சேருதுன்னு பாத்தேன்." பிறகு, ஆறுதலாக: "ஒரு பாக்கெட்ல ரெண்டு இருந்துச்சு. இன்னொண்ணு பரண்ல கெடக்கு."