விரல் தாண்டிய வரி

அலமாரியைத் தூசி தட்டும்போது அந்த வெளிநாட்டுத் தபால் உறை கையில் பட்டது. ஜெனீவா முத்திரை. உள்ளே மடித்து வைத்த என் மனு நகலில் கார்பன் வாடை இன்னும் இருக்கிறது. நீ இறந்து இரண்டு வருடமாகிறது. அதனுடன் இருக்கும் பதிலைப் பிரிக்க இப்போதும் பயமாக இருக்கிறது.

மந்தாரக்குப்பத்தில் உன் தையல் கடைக்கு ரவிக்கை கொடுக்க வந்தவள் நான். கால் அங்குலம் பிசகினாலும் பிரிக்கச் சொல்வேன். "உங்களுக்குத் தைக்க ரெண்டு கண்ணு பத்தாதும்மா" என்பாய்.

சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலையிலிருந்த உன் ஒரே மகனை விசாரணைக்கென்று போலீஸ் வீட்டிலிருந்து அழைத்துப்போனது. மறுநாள் ஸ்டேஷனில், அப்படி யாரையும் அழைத்து வரவில்லை என்றார்கள். அதையே நம்பி, உயர் நீதிமன்றமும் பெற்றவள் நீ போட்ட ஆட்கொணர்வு மனுவைத் தள்ளியது.

ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குத் தனி ஆளும் எழுதலாம் என்று படித்தேன். என் கான்வென்ட் ஆங்கிலத்தின்மேல் எனக்குக் கர்வம். நான்கு முறை தட்டச்சு செய்தேன்; ஓர் எழுத்துப் பிழை கிடையாது. நம் அரசு அதற்குச் சம்மதித்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை.

பதில் வந்ததும் கடைக்கு ஓடிவந்தேன். பள்ளியில் பழகியபடி வரிக்கு வரி விரல் வைத்துத் தமிழில் சொன்னேன். மனித உரிமை உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்திருக்கிறது, என்றேன். அடுத்த வரியை மனதுக்குள் படித்தேன். தனிநபர் முறையீட்டை இந்தியா ஏற்கவில்லை. ஆகவே மனுவை எடுத்துக்கொள்ள இயலாது. அதை விட்டுவிட்டு, கீழே நன்றி சொன்ன வரிக்குப் போனேன்.

"வெரலு நடுவுல தாண்டிச்சேம்மா?"

"அது முகவரி. உனக்கெதற்கு?" என்று அதட்டினேன்.

"கவர்மெண்ட்டு சேந்துட்டாங்க இல்ல? அப்ப கேட்டாப் பதில் சொல்லித்தானே ஆவணும்?"

ஆமாம் என்றேன்.

அதன்பின் தினமும் தபால் வரும் நேரத்துக்கு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து, மடியில் துணியை வைத்துக்கொண்டு பொத்தானுக்குக் காஜா எடுத்தபடி காத்திருந்தாய். "வெளிநாடாச்சே, பொறுங்கம்மா" என்று என்னைத்தான் தேற்றினாய். ஒரு தையல் விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற உன் கண், என்னை நம்பியதா? கடைசிவரை நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று அந்த வரியை விரல் வைத்து, உரக்க, உனக்குப் படித்தேன்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டால் இப்போதும் எழுந்துவிடுகிறேன். தபாலுக்காக அல்ல. உன் மகன் ஒருநாள் வந்து, அம்மா எங்கே, எனக்காக என்ன செய்தீர்கள் என்று கேட்டால், பதில் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். அவனிடம் எந்த வரியையும் தாண்டக் கூடாது. அதுவரை நான் இருக்க வேண்டுமே என்பதுதான் கவலை.