பானையில் மீன்கள்

என்னங்க,

அடுப்படியில் இருக்கும் பெரிய பானையைத் தொடாதீர்கள். உள்ளே மாடிவீட்டு அக்காவின் மீன்கள் இருக்கின்றன. நாற்பது லிட்டர் தொட்டியில் பத்து சதவீதம், அதாவது நாலாயிரம் மில்லி தண்ணீரை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டுத்தான் அவர் ஊருக்குப் போனார். வெறும் நாலு லிட்டர்! "நூறு மில்லிதான்டி ஒரு லிட்டர், அப்போ நாப்பது லிட்டர். எனக்கே கணக்கு சொல்றியா?" என்று தொட்டியையே காலி பண்ணிவிட்டீர்கள். பெட்ரோல் பங்கில் பத்து வருஷமாக ஜனங்களுக்கு என்னத்தை அளந்து ஊற்றினீர்களோ!

ஒரு மீன் மல்லாந்துவிட்டது. சோறு நீங்களே வடித்துக்கொள்ளுங்கள், வேறு பானையில்.

பி.கு.: அக்கா ஐந்து மணிக்கு வருகிறார். விஷயம் தெரிந்தால் தெரு முழுக்கப் பரப்பிவிடுவார். நான்தான் கொட்டினேன் என்று போனில் சொல்லிவிட்டேன். உங்கள் மானத்தை வாங்க நான் ஒருத்தி போதும்.