செங்கொடியின் எடை

திருவொற்றியூர்

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

உனக்கும் உன் முழங்காலுக்கும் சுகம் கிடைக்கட்டும். நான் நலம், மண்டிக் கணக்கு வேலையும் நடக்கிறது. எழுத வேண்டியவை:

1. நீ அனுப்ப வேண்டிய சாமான்.
2. பக்கத்து வீட்டுச் செங்கொடியைப் பட்டினி போட்ட பயிற்சியாளர்.
3. அவரிடம் நான் கேட்டது.

கோபத்தில் மறந்துவிடுவேன், முதலில் சாமான். கருப்பட்டியும் என் பழைய போர்வையும் அனுப்பு. போர்வையைத் துவைக்காதே, வீட்டு வாசனையோடு வரட்டும்.

செங்கொடி ஜூடோ ஆடுகிற பிள்ளை. ஆசிய இளையோர் போட்டிக்கான தேர்வு நேற்று நடந்தது. தன் பிரிவுக்குரிய எடையைத் தாண்டினால் அந்தப் பிரிவில் ஆட முடியாது. அதற்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல், எண்ணூர் வெயிலில் கம்பளிச் சட்டையோடு ஓடி, எடை பார்க்கும் இடத்திலேயே மயங்கி விழுந்தாள். வளரும் பிள்ளையைக் காயப்போட்டு வாங்கும் பதக்கம் யாருக்கு வேண்டும்?

ஆஸ்பத்திரியில் பயிற்சியாளர் பீம்ராவிடம் கேட்டேவிட்டேன்: "பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறீர்களா?"

"நைனா, மேல் எடைப் பிரிவுல ஆடு, வயிறார துன்னுன்னு சொன்னதே நான்தான். அவளயே கேளு."

செங்கொடி கண்ணைத் திறந்தாள். "அதுல ஷெர்லின் கீறா தாத்தா. ஒரு எடைக்கு ஒரு ஆளத்தான் எடுப்பாங்க. என் தோஸ்த நானே தள்ளிவுடணுமா?"

தேர்வாகிவிட்ட ஷெர்லின் பக்கத்திலேயே அழுதுகொண்டிருந்தாள். "நீ என்னிய ஜெயிச்சிடுவேன்னு எவடி சொன்னா?"

செங்கொடிக்கு இந்த வாய்ப்பு போய்விட்டது. சுகிர்தம், இரண்டாவதாக எழுதியது தவறு. பயிற்சியாளர் பட்டினி போடவில்லை. ஆனால் கோபம் அப்படியே இருக்கிறது, யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

உன்,
ஞானசிகாமணி