போன் திருத்திய முகம்

ஜனவரி 9, செவ்வாய்

போன் வாங்கி இன்றோடு ஒரு மாதம். கடையில் இருந்தவற்றுள் ஆக மலிவானது. "அக்கா, இந்த விலைக்கு இதுக்கு மேலை கேக்கக் கூடாது" என்றார் கடைக்காரர். நான் கேட்கவும் இல்லை.

ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டவை: மத்தியானத்துக்குப் பிறகு சூடாகும். இடம் நிறைந்துவிட்டது என்று நாளுக்கு இரண்டு தரம் முறையிடும். சார்ஜ் வயரை ஒரு பக்கமாக வளைத்து, மேலே பாரமாக எதையாவது வைத்தால்தான் ஏறும். அம்மாவின் செபப்புத்தகம் சரியான பாரம். அவ இப்போது செபத்துக்கு முன் என் போன் எத்தனை வீதம் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தை எடுக்கிறா.

அப்பாவின் விரல் இதில் வேலை செய்யாது. முப்பத்தைந்து வருடம் தூண்டில் தங்கூசியும் வலையும் இழுத்த விரல். கண்ணாடி அதை விரல் என்று ஒத்துக்கொள்ளவில்லை. சின்னி விரலால் மட்டும் ஏதோ நடக்கிறது. சாப்பிடும்போது வழக்கம்போல என் வலப்பக்கக் கதிரையில் இருந்து, தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துச் சின்னி விரலால் குத்திக்கொண்டிருந்தார். "இது ஆளைப் பாத்துத்தான் வேலை செய்யும் போல" என்றார்.

ஜனவரி 14, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அம்மா முற்றத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தா. பச்சைச் சேலை. கலியாணம் பேசும் பரிமளம் மாமி கேட்டிருக்கிறாவாம். மண்டைதீவில் ஒரு இடம். பெயர் ஜோர்ஜ், வயது முப்பத்தாறு, கட்டாரில் கிரேன் ஓட்டுகிறார். தாய் மட்டும் இங்கே.

முப்பத்திரண்டு வயதில் இது எத்தனையாவது படம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அம்மாவே பார்த்து, அம்மாவே அனுப்பினா. என் படங்களை நான் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை.

ஜனவரி 20, சனி

நான் வேலை செய்யும் நூலகத்திலிருந்து நெடுந்தீவுக்குப் புத்தகங்கள் கொண்டுபோனோம். கரையில் இறங்கியதும், அக்கரைச் சிக்னலைப் பிடித்து, இந்தியா தங்களை வரவேற்கிறது என்று போனில் ஒரு செய்தி. நன்றி.

ஜனவரி 23, செவ்வாய்

அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். படத்தைப் பார்த்துவிட்டு ஜோர்ஜ் தானாகவே என் இலக்கத்தைக் கேட்டிருக்கிறார். பரிமளம் மாமி போனில் கத்திய கத்தலுக்குப் போனே தேவையில்லை.

அப்போதுதான் அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன்.

என் இடப்பக்கம் ஒன்றுமில்லை. உதட்டோரத்தில் தொடங்கி நாடிக்குக் கீழே போகும் தழும்பு — ஆறு வயதிலிருந்து கண்ணாடியில் முதலில் தெரிவது அதுதான் — இல்லை. மா பூசிய மாதிரி ஒரு வழுவழுப்பு. படம் எடுக்கும் இடத்தில் மூலையில் ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கிறது. அது தானாக எரிந்தபடியே வந்திருக்கிறது. முகத்தைத் திருத்துமாம். நான் கேட்காமலே.

அம்மாவிடம் காட்டினேன். "நாங்கள் ஒண்டும் செய்யேல்லையே. போன்தானே செய்தது" என்றா. பிறகு குரலைக் குறைத்து, "இப்ப ஒண்டும் சொல்லாதை" என்றா.

அப்பா போனை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தார். வெளிச்சம் அணைந்தது. சின்னி விரலால் தட்டித் திரும்பவும் பார்த்தார். மூன்று தரம். போனை என்னிடம் திருப்பித் தந்தார்.

ஜனவரி 28, ஞாயிறு

ஜோர்ஜ் கதைத்தார். வீடியோவில்தான். இங்கே இருக்கிற சிக்னலுக்கு என் முகம் நாலு கட்டங்களாகத்தான் போயிருக்கும். "அன்ரனிட்டா, நீர் இருக்கிறீரோ, போயிட்டீரோ?" என்று இரண்டு தரம் கேட்டார். சிரித்தேன். நான் சிரித்தது அவருக்குப் போய்ச்சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நிறையக் கதைக்கிற ஆள் இல்லை. கிரேனின் உச்சியில் இருந்து பார்த்தால் கடல் தெரியும், ஆனால் அதில் ஒரு வள்ளமும் இல்லை என்றார்.

பெப்ரவரி 4, ஞாயிறு

"படத்தில் தெரியாத ஒன்று இருக்கிறது" என்று எழுதினேன். அனுப்பவில்லை. அழித்தேன். இந்தக் கிழமையில் நாலாவது தரம்.

ஏன் அனுப்பவில்லை? சிக்னல் இல்லாமல் இல்லை. அவரைப் பிடித்துவிட்டது. அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

பெப்ரவரி 11, ஞாயிறு

தபசுகால நோன்பு தொடங்குவதற்குள் பெண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்று ஜோர்ஜின் தாய் கத்தரீனா வந்தா. கூடப் பரிமளம் மாமி. அம்மா என்னை ஜன்னலுக்கு முதுகு காட்டி இருக்கச் சொன்னா. முகம் இருட்டில் இருக்குமாம். அப்பா வழக்கம்போல என் வலப்பக்கம் போய் இருந்துவிட்டார். மிச்சமிருந்தது இடப்பக்கக் கதிரை. கத்தரீனா அதில் இருந்தா.

அவ வீட்டையெல்லாம் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா, அதன் பிறகு தேத்தண்ணியை மட்டும் பார்த்தா. நாடியில் உழுந்தளவு ஒரு பாலுண்ணி. நெற்றி நிறையக் கோடுகள். கேக்கை முழுதாகச் சாப்பிட்டா. போகும்போது என் கையைப் பிடித்தா. அதில் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. எழுதி வைக்கிறேன், பிறகு மறுக்காமல் இருக்க.

பெப்ரவரி 13, செவ்வாய்

பரிமளம் மாமி வந்தா. இருக்கவில்லை, படியிலேயே நின்று சொன்னா. "முகத்திலை இருக்கிறது அவைக்கு ஒரு பிரச்சினையும் இல்லையாம். படத்திலை மறைச்சதுதான் சரியில்லையாம். இதிலையே மறைச்சால் இன்னும் என்னென்ன மறைப்பினம் எண்டு கேக்கினம். நான் என்னத்தைச் சொல்ல?"

"போன் தானாச் செய்தது மாமி" என்றேன். சொல்லும்போதே எனக்கே நம்பும்படியாக இல்லை.

ஜோர்ஜ் கடைசியாகப் பார்த்தது காலை 6.10 என்கிறது போன்.

பெப்ரவரி 14, புதன்

கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசினார்கள். ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடு.

பெப்ரவரி 17, சனி

கவலை இல்லை என்று எழுதப் போனேன். பொய். கவலையாகத்தான் இருக்கிறது. கோபமும். ஒரு சின்ன நட்சத்திரத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அம்மா அப்பாவிடம் சொன்னா: "அந்தக் கதிரையிலை நீங்கள் இருந்திருக்கலாமே. ஏன் எப்ப பாத்தாலும் அந்தப் பக்கமே போய் இருக்கிறியள்?" அப்பா எழும்பி வெளியே போனார்.

அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு ஆறு வயது. மெலிஞ்சிமுனைக் கரையில் அப்பா தூண்டில் வீசக் கையைப் பின்னால் கொண்டுபோனபோது நான் ஓடிவந்தேன். அவ்வளவுதான். இருபத்தாறு வருடமாக இந்த வீட்டில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்பா என் இடப்பக்கம் இருந்ததும் இல்லை. பஸ்ஸில் இல்லை, கோயிலில் இல்லை, சாப்பாட்டில் இல்லை.

பின்னேரம் அப்பா வந்து கேட்டார்: "அந்த முகம் திருத்திறதை நிப்பாட்டேலாதோ?" காட்டினேன். நட்சத்திரத்தை ஒருக்கால் அமத்தினால் நிற்கும், திரும்ப அமத்தினால் எரியும். சின்னி விரலால் செய்து பார்த்தார். நிப்பாட்டி ஒன்று, எரியவிட்டு ஒன்று என்று எங்கள் சேவலை இரண்டு படம் எடுத்தார். சேவலில் ஒரு வித்தியாசமும் இல்லை. "மனிசருக்குத்தான் போல" என்றார்.

மார்ச் 2, சனி

அப்பா காலையில் போனைக் கேட்டார். "வள்ளத்து எஞ்சினிலை ஒரு சாமான் உடைஞ்சு போச்சு பிள்ளை. யாழ்ப்பாணத்துக் கடையிலை படம் காட்டினால்தான் எடுக்கலாம். போனை ஒருக்காத் தா." கொடுத்தேன். எஞ்சின் சாமான் வாங்கப் போகிறவர் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சேட்டைப் போட்டிருந்தார்.

பின்னேரம் வந்தார். சாமான் இல்லையாம். போனை மேசையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

இடம் நிறைந்துவிட்டது என்று போன் சொன்னது. எதையாவது அழிப்போம் என்று படங்களைத் திறந்தேன். புதிதாக ஏழு. ஒன்று அப்பாவின் பெருவிரல். ஒன்று பஸ் இருக்கையின் முதுகு. ஒன்று மண்டைதீவுச் சந்தி, சரிந்துபோய். அடுத்தது ஒரு நீலச் சுவருக்கு முன்னால், கதிரையில் ஒரு பொம்பிளை. வெள்ளை வெளேரென்று, நெற்றியில் ஒரு கோடும் இல்லாமல். யாரென்று தெரியவில்லை.

அதற்கு அடுத்ததில் அதே சுவர், அதே கதிரை, அதே சேலை. நெற்றியில் கோடுகள். நாடியில் உழுந்தளவு பாலுண்ணி.

ஆறாவதில் கத்தரீனா வாயைப் பொத்திச் சிரிக்கிறா. படம் கலங்கியிருக்கிறது. ஏழாவது நிலம்.

எஞ்சின் ஒன்றிலும் இல்லை.

 நான் ஒன்றையும் அழிக்கவில்லை. அப்பா சாப்பிட வந்து, வலப்பக்கம் இருந்து, மீனில் முள் கூட என்று சொன்னார்.

மார்ச் 4, திங்கள்

ஜோர்ஜ் எடுத்தார். வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"உங்கட அப்பா வீட்டை வந்தவராம். அம்மாவைப் படம் எடுத்துக் காட்டினவராம். பாலுண்ணி போன படத்தைத் தனக்கு அனுப்பச் சொல்லிக் கேக்கிறா அம்மா."

நான் வேலையில் இருந்தேன். நூலகத்தில் பத்திரிகை வாசிக்கிற இரண்டு பேர் இருந்தார்கள்.

"இன்னொண்டும் சொன்னவராம்" என்றார். "அது தான் வீசின தூண்டில் எண்டு. பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை, எல்லாம் தன்ர கையாலை வந்தது எண்டு. அதைச் சொல்லேக்கை உங்கட அப்பா அழுதவராம்."

புத்தக அலுமாரிக்குப் பின்னால் போய் நின்றேன். எங்களிடம் சொல்லாததை முன்பின் தெரியாத வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். பஸ் ஏறிப் போய். வெள்ளைச் சேட்டோடு. நானும் அழுதேன்.

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பயந்தனான்" என்றேன். "எழுதினனான். அனுப்பேல்லை."

  "நட்சத்திரத்தை நிப்பாட்டிப்போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பும்" என்றார்.

மார்ச் 5, செவ்வாய்

அனுப்பினேன். இடப்பக்கம் நன்றாகத் தெரியும்படி. மூன்று மணித்தியாலம் கழித்து உயர்த்திய பெருவிரல் ஒன்று வந்தது. இவ்வளவுக்கும் ஒரு பெருவிரல். பின்னேரம் இன்னொன்று: "மே மாதம் லீவு கேட்டிருக்கிறன்."

மார்ச் 16, சனி

பரிமளம் மாமி இன்று படியில் நிற்கவில்லை. உள்ளே வந்து இருந்தா. தனக்கு முதலே தெரியுமாம்.

மார்ச் 31, ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு. போன் முழு நாளும் சூடு. நாற்பத்தாறு பேர் ஒரே முட்டைப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

கோயிலில் கலியாண அறிவித்தலின் முதல் ஓலை வாசித்தார்கள். மண்டைதீவைச் சேர்ந்த ஜோர்ஜ், கரம்பொன்னைச் சேர்ந்த அன்ரனிட்டா. தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கும்படி சாமியார் கேட்டார். ஒருவர் இருமினார், அவ்வளவுதான்.

பூசை முடிந்ததும் பரிமளம் மாமி கட்டாருக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்றா. கோயில் வாசலில் நின்றோம். அப்பா என் வலப்பக்கம் நின்றார். மாமி என் போனை உயர்த்தியபோது, "கொஞ்சம் பொறுங்கோ" என்று போய், திரும்பவும் தானாக எரிந்துகொண்டிருந்த நட்சத்திரத்தைச் சின்னி விரலால் அமத்தி நிப்பாட்டினார். திரும்பி வந்தவர் அம்மாவுக்குப் பின்னால் சுற்றி வந்து என் இடப்பக்கம் நின்றார். அம்மா அவரைப் பார்த்தா, பிறகு தன் சேலையைச் சரிசெய்தா.

படத்தில் அப்பா கண்ணை மூடியிருக்கிறார். இன்னொன்று எடுப்போம் என்றா மாமி. வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் இடம் நிறைந்துவிட்டது என்றது போன். ஜனவரிப் படத்தை அழித்தேன்.