ராஜாவின் வாய்

செவ்வாய். காலையிலேயே வெயில்.

துணி துவைச்சாச்சு. பாசார் சந்தையில வாங்க வேண்டியது: கங்கோங் கீரை, கொத்தமல்லி, ராஜாவுக்கு வெள்ளரிக்காய்.

நேத்து போட்ட வெள்ளரிக்காய் அப்படியே கிடக்கு. கிட்ட போகுது, மோந்து பார்க்குது, வாயில எடுக்குது, கீழ போட்டுடுது. தாடையெல்லாம் ஈரம். தண்ணி குடிச்ச ஈரம்னு நினைச்சேன். மத்தியானமும் ஈரம்.

ராஜா என் புருஷன் அந்தோணியோட கினிப்பன்றி. ஆறு வயசு, அதுக்கு அது கிழவயசு. அவர் மூணு மாச வேலையா கூச்சிங்ல. போகும்போது என்கிட்ட சொன்னது ரெண்டே விஷயம்: "கேஸ் அடுப்பை மூடு. ராஜாவைப் பார்த்துக்க."

எனக்கு அதைப் பிடிக்காது. மூத்திர வாடை.

புதன். மழை.

மாவு நிறுக்கிற தராசுல வச்சுப் பார்த்தேன். 790 கிராம். கூண்டுல அவர் ஒட்டின தாள்ல போன மாசம் 960. தினமும் புல்லு மிச்சம் இருந்துச்சே. வயசாச்சு, பசி இல்லன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

நான் வேலை பார்க்கிற ஸ்கூல் ஆபீஸ்ல அரை நாள் லீவு. பக்கத்துக் கிளினிக். சீன டாக்டரம்மா, நாய் பூனை பார்க்கிறவங்க. முன்பல்லைப் பார்த்தாங்க. "பல் நல்லா இருக்கு. சளியா இருக்கலாம்." மருந்து. அப்புறம் புரட்டிப் பார்த்து, "ராஜாவா? இது பொம்பளை."

ஆறு வருஷம்!

ராத்திரி அந்தோணி போன். "ராஜாவைக் காட்டு." தூங்குதுன்னேன். ஏன் பொய் சொன்னேன்?

வியாழன்.

745. புழுக்கை இல்ல. மருந்து வாயோரமா வழியுது. தட்டு முன்னாடியே உட்கார்ந்திருக்கு. பசி இருக்கு, திங்க முடியல. சளின்னா ஏன் தும்மல் இல்ல?

பக்கத்து வீட்டு மாலா அக்கா: "வயசாயிருச்சு லா ஸ்டெல்லா. விட்டுரு. கஷ்டப்படுத்தாத." சரி மாதிரியும் இருக்கு.

பாலம் தாண்டி புக்கிட் மெர்தாஜாம்ல முயல், கினிப்பன்றி பார்க்கிற டாக்டர் இருக்காங்களாம். நாளைக்கு ஒன்பதரை.

வெள்ளி. மப்பு.

பாலத்துல ஜாம். பக்கத்து சீட்ல ராஜாவோட பெட்டி, பெல்ட் மாட்டி. வழியெல்லாம் அதுகிட்ட பேசிக்கிட்டே போனேன். கறியில உப்பு கூடினதைப் பத்தி.

டாக்டர் தமிழ்ப் பொண்ணு. குட்டி விளக்கு வச்சு உள்ள பார்த்தாங்க. "ஆன்ட்டி, கடைவாய்ப்பல் ரெண்டு பக்கமும் உள்பக்கமா வளர்ந்து நாக்கை மூடிருச்சு. நாக்கை அசைக்க முடியல, முழுங்க முடியல. புண்ணும் இருக்கு."

"பல் நல்லா இருக்குன்னாங்களே?"

"முன்பல்லை மட்டும் பார்த்தா தெரியாது ஆன்ட்டி."

மயக்கம் கொடுத்து பல்லை ராவணும். இந்த வயசுல முழிக்காமலும் போகலாம். ராவலன்னா பட்டினி. இல்லன்னா வலியில்லாம தூங்க வச்சிடலாம். மூணையும் ஒரே குரல்ல சொன்னாங்க.

"உங்களோடதா இருந்தா?"

"ராவுவேன். பயந்துக்கிட்டே."

அந்தோணிக்கு நாலு தடவை போன். லைன் இல்ல. கையெழுத்துப் போட்டேன். உரிமையாளர்ங்கிற இடத்துல என் பேரு.

ரெண்டு மணிக்கு வெளிய வந்து சொன்னாங்க: முழிச்சிருச்சு. காருக்குள்ள உட்கார்ந்து அழுதேன். பிடிக்காத பிராணிக்கு இவ்வளவா? புரியல.

சாயங்காலம் அவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன், பொய்யையும் சேர்த்து. கடைசி வரைக்கும் கேட்டார். அப்புறம், "என்னைக் கேட்டிருந்தா வேணாம்னிருப்பேன்." வச்சிட்டார். கோபமா, பயமா?

சனி.

புல்லு மாவுக் கரைசல், சிரிஞ்சுல, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை. என் துண்டெல்லாம் பச்சை. தானா எதையும் தொடல. டாக்டர் போன்ல: "பல் சரியாயிருச்சு, தாடைதான் பழகணும். ரெண்டு மூணு நாள் பாருங்க."

735. அந்தோணிக்கு சிரிஞ்சு விஷயத்தை மெசேஜ் பண்ணேன். போன் இல்ல.

ஞாயிறு.

பூசைக்குப் போகல. 728. தப்புப் பண்ணிட்டேனா? மாலா அக்கா சொன்னதே சரியோ?

பதினோரு மணிக்கு அந்தோணி மெசேஜ்: "வலது பக்கமா குடு. இடது பக்கம் அதுக்குப் பிடிக்காது." அவ்வளவுதான். வலது பக்கம் கொடுத்தேன். எட்டு சிரிஞ்சு உள்ள போச்சு.

"அது பொம்பளை, தெரியுமா?"ன்னு அனுப்பினேன்.

"தெரியும். பேரு பழகிருச்சு."

எனக்கு மட்டும் சொல்லல.

திங்கள். தூறல். லீவு.

சிரிஞ்சு கழுவிக்கிட்டே சும்மா ஒரு கொத்தமல்லித் தண்டை நீட்டினேன். தண்டு வாய்க்குள்ள போச்சு. கூடவே என் விரலு. ரத்தம்.

உடனே போன். "கடிச்சிருச்சுங்க! நல்லா கடிச்சிருச்சு!"

"ஸ்டெல்லா, மீட்டிங்ல இருக்கேன்." குரலைத் தாழ்த்தி, "ஆழமாவா?"

"ஆழமா!"

"சரி, இன்னொண்ணு குடு."

பிளாஸ்டர் எங்க வச்சேன்?