நோன்பன்று உன் சட்டையில் வழிந்த சீமைச் சர்பத்து

தோஸ்து,

நேற்று மருமகப்பிள்ளை ஒரு புட்டி வாங்கி வந்தார். சீமை எலுமிச்சைச் சர்பத்து. தக்கையைப் பிடுங்கியதும் வந்த வாசனையில் எனக்கு உன் முகம் தெரிந்தது. பிறகு கோபம் வந்தது. நீ போய், நாற்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதியாகிவிட்டது. இந்தக் கோபம் மட்டும் போகவில்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

அதே நீளக் கழுத்துப் புட்டி, அதே பச்சைத் தாள். துறைமுகத்தில் எத்தனை பெட்டி இறக்கியிருப்போம். கொத்தவால் சாவடிச் சந்தையில் நம்மூர் எலுமிச்சை மூட்டை மூட்டையாக அழுகிக்கொண்டிருக்கும். "எலுமிச்சம்பயம் கப்பல்ல வருது, நாம நடந்து போறோம்" என்று நீ சிரிப்பாய். பெட்டிக்குள் புட்டிகளைச் சுற்றியிருக்கும் வைக்கோலை உன் ஆட்டுக்குக் கொண்டுபோவாய். சீமை வைக்கோல் தின்ற திமிரில் அது என்னை ஒருமுறை முட்டியதே, அந்தக் கதை வேண்டாம், இப்போது சொல்ல வந்தது வேறு.

புட்டி உடைந்தால் மிச்சத்தை நாம் உள்ளங்கையில் சாய்த்துக் குடிப்பது வழக்கம். கிடங்கு குமாஸ்தா அந்த நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

வெள்ளைக்காரன் ஜெர்மன்காரனோடு போட்ட சண்டை முடிந்த பிறகு, கத்திரி வெயிலில் வந்த நோன்பு அது. உன் தலையில் இருந்த பெட்டியின் அடிப்பலகை கழன்றது. புட்டிகள் உடைந்து, முகம், தாடி, சட்டை எல்லாம் சர்பத்து. நீ உதட்டை இறுக்கிக்கொண்டு, தோளில் கிடந்த கோணியால் வாயைத் துடைத்தாய், தோல் சிவக்கும்வரை.

குமாஸ்தா வந்தார். நம் மேஸ்திரி நல்லது செய்வதாக நினைத்து முந்திக்கொண்டார்.

"நாக்கு வறண்டு ஒரு வாய் குட்ச்சிட்டான் ஐயா, வுட்ருங்க."

"சரி, தொலையட்டும். யார் குடிக்கல இங்க?" என்று குமாஸ்தா திரும்பினார். அதோடு முடிந்திருக்கும். நீதான் விடவில்லை.

"நான் குடிக்கல ஐயா. நோம்பு புட்ச்சிகினு கீறேன்."

"வாசம் அடிக்குதே."

"அது தாடில அடிக்குது."

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். குமாஸ்தாவின் முகம் மாறியது. "அப்போ உன் மேஸ்திரி பொய் சொல்றானா? குடிச்சேன்னு சொல்லிட்டு வேலையப் பாரு. இல்ல, பில்லையக் கழட்டு."

மேஸ்திரி உன் கையைக் கிள்ளினார். "ஆமான்னு சொல்லேன்டா. வூட்ல புள்ளகுட்டி கீது."

"குடிக்கல" என்றாய். துறைமுக வேலைக்கு அடையாளமாகக் கையில் கட்டியிருந்த பித்தளைப் பில்லையை அவிழ்த்து உடைந்த பெட்டிமேல் வைத்தாய். குடித்திருந்தால் வேலை இருந்திருக்கும். குடிக்காததற்கு வேலை போனது. இது எந்த ஊர் நியாயம்? புட்டி செய்தவன் எங்கேயோ இருக்கிறான், அவனைச் சொல்லவில்லை. கடலைப் பார்க்கத் தெரிந்த அந்த மனுஷனுக்கு உன் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை, அதைச் சொல்கிறேன்.

சாயங்காலம் ராயபுரம் பள்ளிவாசல் வாசலில் உன்னோடு உட்கார்ந்திருந்தேன். உன் சட்டையை ஈ மொய்த்தது. நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். தண்ணீர் குடித்தாய், கஞ்சி குடித்தாய். பிறகு விறைத்துப்போன சட்டைக் கையை நாக்கில் வைத்துப் பார்த்தாய்.

"இதுக்கா மாமு இவ்ளோ பேஜாரு? நம்ம தெருமுனைக் கடைல போடறது இதவிட நல்லா கீது."

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு வண்ணாரப்பேட்டையில் கைவண்டி இழுத்தாய். துறைமுகத்து ஆட்கள் உனக்கு வைத்த பெயர் 'சர்பத்து பாய்'. கூப்பிட்டால் அதற்கும் திரும்பிப் பார்ப்பாய். உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது ஒருவன் பக்கத்து ஆளிடம் சொன்னான்: "நோம்புல சர்பத்து குட்ச்சி வேலை போச்சே, அந்த பாய்தான்." அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். இந்த வயதில் நான் செய்கிற காரியமா அது? நாலு பேர் வந்து விலக்கினார்கள்.

நேற்று மருமகப்பிள்ளை தம்ளரில் தண்ணீர் கலந்து நீட்டினார். "குடிங்க மாமா, ஆற வெக்கிற பொருளா அது, இன்னா யோசனை?" என்றார். நான் வாங்கிக் கீழே வைத்தேன். உட்காரச் சொன்னேன். "இத குடிக்காத ஒருத்தன் இருந்தான். மொதல்ல அவன் கதைய கேளு" என்றேன்.